ஞாயிற்றுக்கிழமை கறி செவ்வாய்க்கிழமையும் நல்லா இருக்க: மிச்சத்தை ஆற வைத்து, எடுத்து வைத்து, மறுபடி சமைக்கும் முறை

ஞாயிற்றுக்கிழமை விடியும்போதே வடசென்னையின் பழைய வண்ணாரப்பேட்டையிலும் வியாசர்பாடியிலும் கறிக்கடை வாசலில் கூட்டம் நின்றுவிடும். முக்கால் கிலோ போதும் என்று கிளம்பியவர் ஒன்றரைக் கிலோவோடு திரும்புவார். தங்கச்சி வீட்டார் வந்தாலும் வருவார்கள் என்பார். மத்தியானம் ஒன்றரைக்குச் சாப்பாடு. முடிந்து பார்த்தால் குண்டானில் கால்வாசிக் குழம்பு நிற்கும், வாணலி ஓரத்தில் வறுவல் ஒட்டிக்கொண்டிருக்கும். இரண்டுக்கும் மூடி போட்டு அடுப்பு மேலேயே விட்டுவிட்டு வீடே படுத்துத் தூங்கும். ராத்திரி எட்டு மணிக்குச் சுட வைத்துச் சாப்பிட்டு, அப்புறமும் மிஞ்சியதைக் குண்டானோடு ஃப்ரிட்ஜில் வைப்பார்கள்.

எங்கள் வீட்டிலும் பல வருடம் இப்படித்தான் நடந்தது. ஃப்ரிட்ஜுக்குள் கறி எத்தனை நாள் தாங்கும் என்பதுதான் எல்லோருடைய கேள்வியும். ஆனால் கறி கெடுவதும் கெடாததும் பெரும்பாலும் அந்த மத்தியானத் தூக்க நேரத்திலேயே முடிவாகிவிடுகிறது. ஃப்ரிட்ஜ் கெட்டதைச் சரி செய்யாது. நீங்கள் எந்த நிலையில் உள்ளே வைத்தீர்களோ, அந்த நிலையைக் கொஞ்ச நாள் பிடித்து நிறுத்தும், அவ்வளவுதான்.

இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். ஒரு காதுகுத்து விசேஷத்தில் மிஞ்சிய பிரியாணியைப் பெரிய எவர்சில்வர் தூக்கில் அழுத்தி அடைத்துக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வரும்போது ராத்திரி பதினொன்று. தூக்கைத் தொட்டால் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. சூடாகத்தானே இருக்கிறது என்று மேடையிலேயே வைத்தோம். காலையில் வாசனையும் நன்றாக இருந்தது, சுட வைத்துத்தான் சாப்பிட்டோம். சாயங்காலத்துக்குள் மூன்று பேருக்கு வயிற்றுவலி, பேதி. வாசனையும் சரி, சூடும் சரி, அப்புறம் ஏன் என்ற கேள்வியில்தான் நான் இதையெல்லாம் படிக்க ஆரம்பித்தேன்.

வெந்த கறி ஏன் கெடுகிறது

கொதிக்க வைத்தால் கிருமி செத்துவிடும் என்பது பாதி உண்மை. க்ளோஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சென்ஸ் என்று ஒரு கிருமி உண்டு. இறைச்சிக் குழம்பில் வரும் வயிற்றுக்கோளாறுக்குப் பெரிய காரணம் இதுதான். இது வித்து மாதிரி ஒரு கெட்டியான ஓட்டுக்குள் ஒடுங்கியிருக்கும், அந்த ஓடு கொதிசூட்டையும் தாங்கும். கொதி அடங்கி, குழம்பு கை பொறுக்கும் வெதுவெதுப்புக்கு வரும்போது முளைத்து எழும். 43 முதல் 47 டிகிரி செல்சியஸ் சூடு அதற்கு மிகவும் தோதானது. அந்தச் சூட்டில் பத்து நிமிடத்துக்குள்ளேயே இரண்டு மடங்காகிவிடும். பத்து நிமிடக் கணக்கு வைத்தாலும் ஒன்று ஒரு மணி நேரத்தில் 64, இரண்டு மணி நேரத்தில் 4,096, மூன்று மணி நேரத்தில் 2,62,144. மூடிய குண்டானின் நடுவில், காற்றுப் படாமல், வெதுவெதுப்பாக இருக்கும் கறிக்குழம்பு அதற்குக் கட்டிய வீடு போல.

இன்னும் இரண்டு கிருமிகளைச் சொல்ல வேண்டும். கையிலிருந்தும் மூக்கிலிருந்தும் வரும் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் ஒன்று, சோற்றில் வளரும் பேசில்லஸ் சீரியஸ் இன்னொன்று. கிருமியைக் கொதிக்க வைத்துக் கொல்லலாம். ஆனால் இவை உணவில் கக்கி வைக்கும் வாந்தி வரவழைக்கும் நஞ்சு கொதித்தாலும் அழியாது. அதனால்தான் 'நல்லா சுட வெச்சுட்டா போதும்' என்ற பேச்சை நம்பி உட்கார முடியாது. பிரியாணியில் கறியும் சோறும் சேர்ந்தே இருப்பதால் அதற்கு இரட்டைக் கவனம் வேண்டும்.

மனதில் நிறுத்த வேண்டிய அளவு இது: 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில்தான் ஆபத்து. சமைத்த உணவு அந்த இடைவெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. சுற்றிலும் 32 டிகிரிக்கு மேல் வெயில் இருந்தால் ஒரு மணி நேரம்தான். கத்திரி வெயிலில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே, ஒரே ஜன்னல் உள்ள கொருக்குப்பேட்டை சமையலறையை நினைத்துப் பாருங்கள். மார்கழியை விட்டால் நமக்குப் பெரும்பாலும் ஒரு மணி நேரக் கணக்குதான்.

முதல் படி: சாப்பிட உட்காரும் முன்பே பிரித்து விடுங்கள்

மிஞ்சினால் எடுத்து வைப்போம் என்று இருக்காதீர்கள். சமையல் இறங்கியதும், இந்த வேளைக்கு இவ்வளவு, நாளைக்கு இவ்வளவு என்று சுத்தமான கரண்டியால் பிரித்துவிடுங்கள். நாளைக்கு உரியது பந்திக்கே வரக் கூடாது. சாப்பிட்ட கை, எச்சில் கரண்டி, பிள்ளைகள் விட்ட ஸ்பூன், மேலே வட்டமிடும் ஈ எதுவும் அதைத் தொடாது. தட்டில் மிஞ்சிய கறித்துண்டைத் திரும்பக் குழம்பில் போடுவது சில வீட்டில் வழக்கம். அதை விட்டுவிடுங்கள்.

இரண்டாம் படி: ஆற வைப்பது

எல்லாவற்றிலும் முக்கியமான படி இது.

என் ஆயா சொல்லும்: "சூடா உள்ள வெச்சா பொட்டியே கெட்டுப் பூடும்டா." அதில் பாதி நியாயம் இருக்கிறது. கொதிக்கக் கொதிக்க மூன்று லிட்டர் குண்டானை உள்ளே வைத்தால் பக்கத்தில் இருக்கும் பாலும் தயிரும் சூடாகும், குண்டானின் நடுவும் ஆறாது. அதற்காகத் தானாக ஆறட்டும் என்று சாயங்காலம் வரை வெளியே விட்டால் மேலே சொன்ன கணக்கு ஓட ஆரம்பித்துவிடும். நாம்தான் சீக்கிரம் ஆற்ற வேண்டும்.

குழம்பு எவ்வளவு ஆழமோ அவ்வளவு நேரம் நடுவில் சூடு தங்கும். அதனால் அகலமான தட்டு, தாம்பாளம், ட்ரே, எது இருக்கிறதோ அதில் ஊற்றுங்கள். இரண்டு அங்குலத்துக்கு மேல் உயரம் வேண்டாம். பெரிய எலும்புத் துண்டைத் தனியாக எடுங்கள், கெட்டியான கறித்துண்டைச் சிறிதாக நறுக்குங்கள். பிரியாணியைத் தாம்பாளத்தில் பரப்பி விடுங்கள். மேலே சல்லடைத் துணியோ, கொசுவலைக் கூடையோ போட்டு மூடி, ஃபேனுக்குக் கீழே வையுங்கள். தட்டு மூடி போட்டால் ஆவி உள்ளேயே நின்றுவிடும்.

குழம்பு நிறைய இருந்தால் தண்ணீர்த் தொட்டி முறைதான் நல்லது. அகலமான அன்னக்கூடையிலோ பிளாஸ்டிக் டப்பிலோ தண்ணீர் ஊற்றி, அதற்குள் குழம்புப் பாத்திரத்தை இறக்குங்கள். வெளித் தண்ணீர் குழம்பின் மட்டத்துக்கு வர வேண்டும், உள்ளே வழியக் கூடாது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை குழம்பைக் கிளறுங்கள். முதல் தண்ணீர் சூடானதும் மாற்றுங்கள். நம் ஊர்க் குழாய்த் தண்ணீரும் வெதுவெதுப்புதான், அதில் ஓரளவுக்குத்தான் இறங்கும். இரண்டாவது தண்ணீரில் ஐஸ் போடுங்கள். சனிக்கிழமை ராத்திரியே இரண்டு பிளாஸ்டிக் பாட்டிலில் முக்கால் பாகம் தண்ணீர் பிடித்து ஃப்ரீசரில் போட்டுவிட்டால் மறுநாள் அப்படியே எடுத்துத் தொட்டியில் மிதக்க விடலாம். மீனுக்குப் போடும் பார் ஐஸ் கிடைத்தால் வெளித் தண்ணீரில் போடலாம், ஒரு துளியும் குழம்பில் தெறிக்கக் கூடாது.

இப்படிச் செய்தால் அரை மணி, முக்கால் மணி நேரத்தில் பாத்திரத்தைத் தொட்டால் சூடே தெரியாது. அப்போது உள்ளே வையுங்கள். கொஞ்சம் வெதுவெதுப்பு மிச்சமிருந்தாலும் பரவாயில்லை. ஆழம் குறைவான டப்பாவாக இருந்தால் ஃப்ரிட்ஜ் சமாளித்துக்கொள்ளும்.

மூன்றாம் படி: டப்பாவும் இடமும்

மூடி இறுகும் எவர்சில்வர் டப்பா, கண்ணாடி டப்பா இரண்டும் நல்லவை. ஒரு வேளைக்கு ஒரு டப்பா என்று வையுங்கள். பெரிய டப்பாவாக இருந்தால் ஒவ்வொரு தடவையும் வெளியே வந்து சூடேறி உள்ளே போகும். அலுமினியப் பாத்திரத்தில் புளி, தக்காளி சேர்ந்த குழம்பை வைக்காதீர்கள், புளிப்பு உலோகத்தை அரிக்கும். கடையில் வாங்கிய சால்னாவைப் பிளாஸ்டிக் கவரோடு அப்படியே வைப்பதும் வேண்டாம்.

பச்சைக் கறியும் மீனும் எப்போதும் கீழ்த்தட்டில், தட்டு மேல் வைத்த டப்பாவில் இருக்கட்டும். சமைத்தது மேல்தட்டில். தலைகீழாக வைத்தால் பச்சைக் கறியின் ரத்தத் தண்ணீர் சொட்டி எல்லாவற்றையும் கெடுக்கும். கதவுத் தட்டில் சமைத்த கறி வேண்டவே வேண்டாம். திறக்கும்போதெல்லாம் முதலில் சூடாவது அதுதான்.

ஒற்றைக் கதவுப் பழைய ஃப்ரிட்ஜ் வைத்திருப்பவர்கள் ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள். ஃப்ரிட்ஜ் தெர்மாமீட்டர் விலை அதிகமில்லை. ஒரு தம்ளர் தண்ணீரில் அதைப் போட்டு நடுத்தட்டில் ராத்திரி முழுக்க வையுங்கள். காலையில் 5 டிகிரியோ அதற்குக் கீழோ காட்ட வேண்டும். கூட இருந்தால் குமிழைத் திருப்புங்கள், ஃப்ரீசரில் மலை போல் ஐஸ் கட்டியிருந்தால் உருக்குங்கள். கதவு ரப்பரில் ஒரு காகிதத்தை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். சுலபமாக வந்துவிட்டால் ரப்பர் தளர்ந்துவிட்டது, மாற்ற வேண்டும்.

எத்தனை நாள்

சரியாக ஆற்றி, 5 டிகிரிக்குள் வைத்த ஆட்டுக்கறி, மாட்டுக்கறி, கோழி எல்லாவற்றுக்கும் மூன்று நாள், அதிகபட்சம் நான்கு. நம் வீட்டு ஃப்ரிட்ஜ் ஒரு நாளைக்கு எத்தனை தடவை திறக்கப்படுகிறது என்று எனக்குத் தெரியும், அதனால் நான் மூன்றாம் நாளோடு நிறுத்திவிடுவேன். பிரியாணிக்கு ஒரே நாள். ஈரல், போட்டி (குடல்), மூளை இவற்றை அன்றைக்கே முடித்துவிடுங்கள். அளவாக வாங்கக்கூடிய பொருள்தானே.

மீன் தனிக் கதை. மறுநாள் மீன் குழம்புக்கு ஈடு உண்டா என்று காசிமேட்டுப் பக்கம் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கெட்டிப் புளி விட்ட குழம்பில் புளிப்பு அதிகம், அந்தப் புளிப்பு கிருமியைத் தடுக்கிறது. மண்சட்டியில் அது தாங்கியதைப் பார்த்த தைரியத்தில்தான் தேங்காய் அரைத்து விட்ட கறிக்குழம்பையும் வெளியே விடுகிறோம். தேங்காய்க் குழம்புக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. மீன் குழம்பையும் ஃப்ரிட்ஜில் வைத்து மறுநாள் எடுத்தால் அதே ருசிதான் வரும், என் நாக்குக்கு வித்தியாசம் தெரியவில்லை. சூரை, கானாங்கெளுத்தி, மத்தி மூன்றும் சூட்டில் கிடந்தால் சதையில் ஹிஸ்டமின் உண்டாகும். அது கொதித்தாலும் பொரித்தாலும் போகாது, முகம் சிவந்து தடிப்பு வரும். இந்த மூன்றையும் வாங்கும்போதே ஐஸில் இருந்ததை வாங்குங்கள்.

மூன்று நாளில் முடியாது என்று தெரிந்தால் முதல் நாளே ஃப்ரீசருக்கு அனுப்புங்கள். மூன்றாம் நாள் ராத்திரி, வேறு வழியில்லாமல் ஃப்ரீசரில் தள்ளுவதில் பயன் குறைவு. ஜிப் கவரில் தட்டையாகப் பரப்பி, காற்றை வெளியேற்றி, தேதி எழுதி வையுங்கள். மைனஸ் 18 டிகிரியில் இரண்டு மூன்று மாதம் ருசி கெடாமல் இருக்கும். உருளைக்கிழங்கையும் முட்டையையும் எடுத்துவிடுங்கள், ஒன்று மாவாகும், இன்னொன்று ரப்பராகும். வெளியே எடுத்த பிறகு மேடையில் வைத்து உருக்க வேண்டாம். முதல் நாள் ராத்திரியே கீழ்த்தட்டுக்கு இறக்கினால் காலையில் இளகியிருக்கும். அவசரம் என்றால் கட்டியோடு வாணலியில் போட்டு, கொஞ்சம் தண்ணீர் விட்டு நேராகச் சூடாக்கலாம்.

நான்காம் படி: மறுபடி சூடாக்குவது

வேண்டிய அளவு மட்டும் எடுங்கள், ஒரே ஒரு தடவை சூடாக்குங்கள். சூடாக்கியதில் மிஞ்சியது திரும்ப ஃப்ரிட்ஜுக்குப் போகக் கூடாது. பழைய குழம்பைப் புதுக் குழம்பில் ஊற்றினால் புதுசுக்கும் பழைய வயதுதான்.

குழம்பு என்றால் தளதளவென்று கொதி வர வேண்டும். வந்த பிறகும் கிளறியபடி மூன்று நிமிடம் விடுங்கள். ஓரத்தில் குமிழி வந்ததும் இறக்கினால் நடுவில் இருக்கும் துண்டுக்குள் சூடு போயிருக்காது. வறுவலுக்கு ஒரு கை தண்ணீர் தெளித்து மூடி வைத்து ஆவி கட்டுங்கள், அப்புறம் மூடியைத் திறந்து சுருட்டுங்கள். பெரிய துண்டைப் பிட்டுப் பார்த்தால் உள்ளே ஆவி பறக்க வேண்டும். கணக்காகச் சொன்னால் துண்டின் நடுவில் 74 டிகிரி. பிரியாணிக்கு இட்லிப் பானை நல்லது. துணி போட்ட தட்டில் லேசாகப் பரப்பி, பத்து நிமிடம் முழு ஆவியில் வையுங்கள். தோசைக்கல் மேல் வைத்துச் சிறுதீயில் ஒரு மணி நேரம் தம் போடுவது வேண்டாம். அந்த நேரத்தில் பெரும்பகுதி அது ஆபத்தான சூட்டிலேயே கிடக்கலாம். மைக்ரோவேவில் ஒரு பக்கம் கொதிக்கும், மறுபக்கம் ஜில்லென்று இருக்கும். பாதியில் எடுத்துக் கிளறி மறுபடி வையுங்கள்.

அந்தக் காலத்தில் வேளைக்கு வேளை சுட வைத்து சுண்டக்கறி ஆக்கினார்களே என்று கேட்பீர்கள். சுண்டச் சுண்ட நீர் வற்றி, உப்பும் புளிப்பும் ஏறும், அதனால் கொஞ்சம் தாங்கியது. ஆனால் ஒவ்வொரு தடவையும் அது மெல்ல ஆறும்போது அந்த வெதுவெதுப்பைத் தாண்டித்தான் வர வேண்டும். சுண்டக்கறி ருசி வேண்டுமென்றால் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்ததை ஒரே தடவையில் சுண்ட வையுங்கள், அரை மணி நேரத்தில் வந்துவிடும்.

ஐந்தாம் படி: புதுசாக ஆக்குவது

இரண்டாம் நாள் அதே குழம்பை அதே சோற்றில் ஊற்றினால் பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள். ஆட்டுக்கறிக் குழம்பில் முருங்கைக்காயும் கத்திரிக்காயும் வேண்டும் என்றால், காய்களைத் தனியாக முக்கால் வேக்காடு வேக வைத்து, அதன் மேல் பழைய குழம்பை ஊற்றிக் கொதிக்க விடுங்கள். கறியும் கரையாது, காயில் எலும்புச் சாறு இறங்கும்.

மாட்டுக்கறி வறுவல் மறுநாள்தான் உண்மையில் நன்றாக இருக்கும். நாராகப் பிய்த்து, நிறைய வெங்காயமும் கறிவேப்பிலையும் தாளித்து, மிளகுத்தூள் போட்டுச் சுருட்டினால் ரசச் சோற்றுக்கு அதுவே போதும். அதையே பொடியாகக் கொத்தி, தோசைக்கல்லில் மாவு ஊற்றி, முட்டை உடைத்து விட்டு மேலே தூவினால் கறி தோசை. கறி ஏற்கெனவே சூடேறியிருக்க வேண்டும், தோசைச் சூடு மட்டும் போதாது. மிஞ்சிய பரோட்டாவும் சால்னாவும் இருந்தால் கொத்துப் பரோட்டா. கோழி வறுவல் என்றால் எலும்பு நீக்கி, வேக வைத்த உருளைக்கிழங்கோடு பிசைந்து கட்லெட் தட்டலாம். கறி எடுத்த எலும்பை மிளகு, சீரகம், பூண்டு தட்டிப் போட்டு குக்கரில் நாலு விசில் விட்டால் ராத்திரிக்கு ரசம் மாதிரி ஒரு சூப். சப்பிப் போட்ட எலும்பைச் சொல்லவில்லை, குழம்பிலிருந்து நேராக எடுத்த எலும்பைச் சொல்கிறேன்.

டிபன் டப்பா விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். காலை ஆறரைக்குக் கட்டிக்கொண்டு மணலிக்கோ துறைமுகத்துக்கோ போய் ஒரு மணிக்குத் திறந்தால் ஆறரை மணி நேரம் ஆகியிருக்கும். பழைய கறியை அப்படிக் கொடுத்து அனுப்பாதீர்கள். ராத்திரி வீட்டில் சாப்பிடட்டும். ஃப்ளாஸ்க் டப்பா இருந்தால் கொதிநீர் ஊற்றிப் பத்து நிமிடம் விட்டுக் கொட்டி, உடனே கொதிக்கும் குழம்பை நிறைய ஊற்றி மூடுங்கள். திறக்கும்போது ஆவி வந்து வாய் சுட்டால் சாப்பிடலாம், வெதுவெதுப்பு என்றால் வேண்டாம்.

எப்போது கொட்ட வேண்டும்

நூல் விட்டால், நுரைத்தால், புளித்த வாடை வந்தால், மேலே பூஞ்சை பூத்தால் சந்தேகமே வேண்டாம். ஆனால் வாடை வராததால் நல்லது என்றும் ஆகாது. எங்கள் காதுகுத்துப் பிரியாணி கமகமவென்றுதான் இருந்தது. எப்போது சமைத்தது, எவ்வளவு நேரம் வெளியே இருந்தது என்று வீட்டில் யாருக்கும் ஞாபகம் இல்லையா, கொட்டிவிடுங்கள். ருசி பார்த்து முடிவு செய்யாதீர்கள். காசு போட்டு வாங்கியதைக் கொட்ட மனசு வராது, எனக்கும் வராது. அதனால்தான் இவ்வளவு நேரம் ஆற வைப்பதைப் பற்றியே பேசினேன். கர்ப்பிணி, கைக்குழந்தை, வயதானவர், சர்க்கரைக்கும் சிறுநீரகத்துக்கும் மருந்து சாப்பிடுபவர் வீட்டில் இருந்தால் அவர்களுக்குப் புதிதாகச் சமைத்ததே போகட்டும். லிஸ்டீரியா என்ற கிருமி ஃப்ரிட்ஜ் குளிரிலும் மெல்ல வளரும், கர்ப்பிணிகளுக்கு அது பெரிய கேடு.

சாப்பிட்டபின் வாந்தி, பேதி வந்தால் ஓஆர்எஸ் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கக் கொடுங்கள். மலத்தில் ரத்தம், கடும் காய்ச்சல், சிறுநீர் வராமல் போவது, குழந்தை சோர்ந்து படுப்பது இதில் எது வந்தாலும் ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரிக்கோ பக்கத்திலுள்ள மருத்துவமனைக்கோ உடனே கிளம்புங்கள்.

மின்சாரம் போனால், ஃப்ரிட்ஜே இல்லையென்றால்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வடசென்னையில் பல தெருக்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. கதவைத் திறக்காமல் வைத்தால் ஃப்ரிட்ஜ் நான்கு மணி நேரம் குளிரைப் பிடிக்கும். நிறைந்த ஃப்ரீசர் 48 மணி நேரம் தாங்கும், பாதி நிறைந்தது 24 மணி நேரம். நான்கு மணி நேரம் தாண்டினால் ஃப்ரிட்ஜில் உள்ள சமைத்த கறியை விட்டுவிடுங்கள். ஃப்ரீசரில் உள்ளதில் இன்னும் ஐஸ் கட்டி ஒட்டியிருந்தால் உடனே சமைத்துச் சாப்பிடலாம். புயல் எச்சரிக்கை வந்த அன்றே ஃப்ரீசரின் காலி இடத்தில் தண்ணீர்ப் பாட்டில்களை அடுக்கிவிட்டால் குளிர் நிற்கும்.

ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டில் சமைத்த கறியை அடுத்த நாளுக்கு வைக்கப் பாதுகாப்பான வழி கிடையாது. ஆளுக்கு இத்தனை துண்டு என்று எண்ணி வாங்குங்கள், கறிக்காரரிடம் அரைக் கிலோவுக்குக் குறைவாகவும் கேட்கலாம். அதையும் மீறி மிஞ்சுகிறது என்று தோன்றினால், சட்டி இறங்கிய சூட்டிலேயே ஒரு கிண்ணம் எதிர்வீட்டுக்குப் போகட்டும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தக் கிண்ணம் காலியாகத் திரும்பாது.